கேஷும் காசும்: ஒரே எழுத்துக்கூட்டில் இரண்டு சொற்கள்

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் என்று எந்தப் பட்டியலை எடுத்தாலும் முதல் ஐந்துக்குள் 'கேஷ்' இருக்கும். நம் காசைத்தான் வெள்ளைக்காரன் கேஷ் ஆக்கிக்கொண்டான் என்பார்கள். மறுப்பவர் ஒருவரும் உடனே கிளம்புவார்: அது லத்தீன் சொல், பெட்டி என்று பொருள், தமிழுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பார். இருவரும் அகராதியைப் பாதிதான் புரட்டியிருக்கிறார்கள். பெரிய ஆங்கில அகராதிகளில் கேஷ் என்ற பெயர்ச்சொல்லுக்கு இரண்டு தனிப் பதிவுகள் உண்டு. ஒன்று பெட்டியிலிருந்து வந்தது. மற்றது காசிலிருந்தே வந்தது.

கடையில் 'கேஷா, கார்டா?' என்று கேட்கிறார்களே, அது பெட்டி வழி வந்த கேஷ். காசு வழி வந்த கேஷ் இன்று நாணயம் சேகரிப்பவர்களிடமும் சீன வரலாறு எழுதுபவர்களிடமும்தான் புழங்குகிறது. எழுத்தும் ஒலியும் ஒன்று, பிறப்பு வேறு.

இப்படி இருப்பது தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. காசு என்ற நம் சொல்லே அப்படித்தான். பொன், மணி, நாணயம் என்பது ஒரு காசு. குற்றம் என்பது இன்னொரு காசு. கம்பர் தம் அவையடக்கத்தில் 'காசு இல் கொற்றத்து இராமன்' என்கிறார். கையில் காசில்லாத இராமன் என்று அதற்கு யாரும் உரை சொல்வதில்லை; குற்றமற்ற வெற்றியை உடையவன் என்றே கொள்கிறோம். இந்த நிதானம் கேஷ் விஷயத்தில் மட்டும் நமக்குத் தவறிப்போகிறது.

பெட்டி பணமான கதை

லத்தீனில் 'காப்பெரே' என்றால் எடு, கொள், பிடித்துக்கொள். அதிலிருந்து 'காப்ஸா', கொள்கலம். இத்தாலியர் அதைக் 'காஸா' என்று சகரத்தை இரட்டித்துச் சொன்னார்கள். பிரெஞ்சில் அது 'கேஸ்' ஆயிற்று. இத்தாலிய வணிகர்களின் கணக்கறையில் காஸா என்றால் பணம் வைக்கும் இரும்புப் பெட்டி. இந்தக் குடும்பத்தின் மற்றப் பிள்ளைகளும் நமக்குத் தெரிந்தவர்கள்தான். மாத்திரை அடைக்கும் கேப்ஸ்யூல் சின்னப் பெட்டி. பாட்டு கேட்ட கேசட்டும் சின்னப் பெட்டி. கண்ணாடி வைக்கும் கேஸ் ஒரு பெட்டி. லாரிப் பட்டறையில் சேஸ் என்கிறார்களே, அந்த அடிச்சட்டமும் இதே வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தது.

ஆங்கிலத்தில் இந்த கேஷ் 1590களில் தலைகாட்டுகிறது. 1598இல் ஜான் ஃப்ளோரியோ வெளியிட்ட இத்தாலிய-ஆங்கில அகராதி, காஸா என்ற சொல்லுக்கு விளக்கம் தரும்போது வணிகரின் கேஷ் அல்லது கவுண்டர் என்று எழுதுகிறது. அங்கே அது பெட்டியும் மேசையும்தான், பணம் அல்ல. ஆனால் ஏறத்தாழ அடுத்த ஆண்டே மேடையேறிய ஷேக்ஸ்பியரின் 'ஐந்தாம் ஹென்றி'யில், தர வேண்டிய தொகையைக் கேஷாகவே தருகிறேன் என்று பிஸ்டல் என்ற பாத்திரம் சொல்கிறது. அங்கே அது பணம். இரண்டு பொருளும் சில காலம் கூடவே வாழ்ந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் பெட்டி மறைந்து பணம் மட்டும் நின்றது. ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் ரஷ்யாவிலும் இன்றுவரை பெட்டிப் பொருள் சாகவில்லை. அங்கே டிக்கெட் கவுண்டருக்கும் கடையின் பணம் கட்டும் இடத்துக்கும் இதே சொல்லின் உருவங்கள்தான் பெயர்.

பெட்டியின் பெயர் உள்ளே இருக்கும் பணத்துக்கு ஆகிவருவதை நம் இலக்கணத்தில் இடவாகுபெயர் என்போம். இதற்கு இத்தாலிவரை போக வேண்டியதில்லை, மளிகைக் கடைக் கல்லாவே போதும். வடக்கிலிருந்து வந்த கல்லா என்ற சொல் முதலில் பணப்பெட்டியைக் குறித்தது. இன்று படம் கல்லா கட்டியது என்றால் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டியதாக யாரும் நினைப்பதில்லை. இங்கே கல்லா நடந்த பாதையில்தான் அங்கே கேஷ் நடந்தது.

இனி ஆண்டுகளை எண்ணிப் பார்க்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எலிசபெத் அரசி சாசனம் தந்தது 1600 டிசம்பர் 31. கம்பெனியார் மசூலிப்பட்டினத்தில் பண்டகசாலை வைத்தது 1611. சென்னையில் கோட்டை கட்ட இடம் கிடைத்தது 1639. லண்டன் நாடகக் கொட்டகையில் சாதாரண மக்கள் முன்னால் புழங்கிவிட்ட ஒரு சொல்லை, நாற்பது ஆண்டு கழித்துச் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேற்றியிருக்க முடியாது. பெட்டிக் கேஷ் தமிழ் அல்ல என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

காசு கப்பலேறிய கதை

நம் காசு ஆதியில் நாணயமும் அல்ல. குறுந்தொகையின் 67ஆம் பாட்டில், கிளி தன் வளைந்த அலகில் கவ்வியிருக்கும் வேப்பம்பழத்துக்கு உவமையாகக் காசு வருகிறது: புது நூலில் கோக்க நக நுனியில் பிடித்த பொன்னணியின் ஒரு காசு. உருண்டையாக, மஞ்சளாக, துளையோடு நூலில் ஏறுகிற பொன்மணி. இன்று நகைக்கடையில் காசுமாலை என்று கேட்கும்போது அந்தப் பழைய பொருளுக்கு அருகில்தான் நிற்கிறோம்.

சோழர் கல்வெட்டுகளில் காசு உறுதியாக நாணயம், அதுவும் பொன் நாணயம். தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் கோயில் பணத்தை ஊர்ச்சபைகளுக்குக் கடனாகக் கொடுத்த கணக்குகள் உள்ளன. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி என்பது அவற்றில் வரும் விகிதம். அரைக்கால் என்பது எட்டில் ஒன்று. இன்றைய கணக்கில் 12.5 சதவீதம். பிறகு வந்த நூற்றாண்டுகளில் காசு மெல்ல மெல்லக் கீழே இறங்கிச் செம்பாகி, கடைசியில் மிகச் சிறிய நாணயத்தின் பெயரானது. 'காசுக்குப் பெறாத விஷயம்' என்ற வழக்கு ராஜராஜன் காலத்தில் பிறந்திருக்க வழியில்லை. செம்புக் காசைப் பார்த்தவர் வாயில்தான் அது வரும்.

வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டில் இறங்கிய பின் போர்ச்சுகீசியர் இந்தியக் கரையெங்கும் சில்லறை மாற்றினார்கள். சிறு நாணயத்தை அவர்கள் 'காய்ஷா' என்று எழுதத் தொடங்கினார்கள். தமிழ்க் காசு என்ற வடிவம்தான் இதற்கு மூலம், அல்லது கொங்கணியில் இருந்த ஏதோ ஓர் ஒத்த வடிவம் என்று 1886இல் யூலும் பர்னலும் தொகுத்த, இந்தியாவில் ஆங்கிலேயரிடையே புழங்கிய சொற்களுக்கான 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி சொல்கிறது. சமஸ்கிருதத்தில் எடையைக் குறிக்கும் 'கர்ஷ' என்ற சொல்லையும் அவர்கள் இதனோடு இணைத்தார்கள். சிங்களத்தில் நாணயத்துக்குப் பொதுப்பெயராக உள்ள 'காசி'யையும் குறித்து வைத்திருக்கிறார்கள்.

காசு என்பதில் இல்லாத 'ஷ்' ஒலி காய்ஷாவுக்கு எங்கிருந்து வந்தது? இந்தக் கதையில் சுவையான இடம் இதுதான். போர்ச்சுகீசிய மொழியில் காய்ஷா என்ற சொல் ஏற்கெனவே இருந்தது. அதற்குப் பொருள் பெட்டி. அதே லத்தீன் காப்ஸாவின் வாரிசு. புதிதாகக் காதில் விழுந்த ஊர்ப்பெயரையும் பொருட்பெயரையும் வாய்க்குப் பழகிய சொல்லாக மாற்றிக்கொள்வது எந்த மொழிக்காரரும் செய்கிற வேலை. நாமே 'ஹூ கம்ஸ் தேர்' என்ற காவல்காரன் குரலை 'உக்கும்தார்' ஆக்கியவர்கள். பணத்தோடு சம்பந்தப்பட்ட காசு என்ற சொல், பணம் வைக்கும் காய்ஷாவின் உருவத்தைப் போட்டுக்கொண்டது. வேரில் தொடர்பே இல்லாத இரண்டு சொற்கள் முதலில் சந்தித்த இடம் லண்டனும் அல்ல, சென்னையும் அல்ல. போர்ச்சுகீசிய மாலுமியின் நாக்கு.

போர்ச்சுகீசியர் இந்தப் பெயரை இந்தியாவோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. ஜாவாவிலும் மலாய்த் தீவுகளிலும் சீனாவிலும் கண்ட துளையிட்ட மலிவு நாணயங்களுக்கெல்லாம் அதையே சூட்டினார்கள். லின்ஸ்கோட்டன் என்ற டச்சுப் பயணியின் நூல் 1598இல் ஆங்கிலத்தில் வந்தபோது, ஜாவாவின் மேற்குப் பகுதியான சுண்டாவில் காய்ஷா என்ற செம்பு நாணயம் தவிர வேறு பணம் இல்லை, நடுவில் துளை, அதில் கயிறு கோத்து இருநூறும் ஆயிரமுமாக வைத்திருக்கிறார்கள் என்ற செய்தியும் கூடவே வந்தது. அதாவது ஃப்ளோரியோவின் பெட்டிக் கேஷும் லின்ஸ்கோட்டனின் காசுக் கேஷும் ஒரே ஆண்டில் லண்டனில் அச்சேறின. பின்னால் வந்தவர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டதில் வியப்பில்லை.

லின்ஸ்கோட்டன் அந்த நாணயத்தின் அளவை டச்சு 'டூயிட்' என்ற சில்லறையோடு ஒப்பிடுகிறார். நம் துட்டு அந்த டூயிட்டிலிருந்து வந்தது என்பவர்கள் உண்டு. தெலுங்கு, கன்னட 'துட்டு'வைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு. அந்த வழக்கை இங்கே இழுக்க வேண்டாம்.

சீனாவில் இந்தக் கேஷ் என்பது வட்ட நாணயம், நடுவில் சதுரத் துளை, ஆயிரம் கொண்டது ஒரு கோவை. எல்லாக் கோவையிலும் ஆயிரம் இருந்ததென்று நினைத்துவிடக் கூடாது. சோங் அரசு 770 நாணயத்தையே ஆயிரமாக ஏற்றுக்கொண்டது. சீனப் பொருளாதார வரலாற்றில் ஆயிரம் கேஷ் என்று படிக்கும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் அதை ஆயிரம் ரொக்கம் என்று எழுதினால் பொருள் கெடும். காசு என்று எழுதினால், மூலச் சொல்லையே அதன் இடத்தில் திரும்ப வைத்ததாகும்.

எண்பது காசு ஒரு பணம்

சென்னையில் கம்பெனி நடத்திய நாணயக் கணக்கு இது: 80 கேஷ் ஒரு ஃபனம், 42 ஃபனம் ஒரு பகோடா. இதைத் தமிழில் திருப்பினால் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஃபனம் என்பது வேறொன்றுமில்லை, பணம்தான். ஆக, ஆங்கிலப் பேரேட்டின் மூன்று பத்திகளில் இரண்டு நம் சொற்கள்.

ஒரு வராகனுக்கு 3,360 காசு. மூன்றரை ரூபாய்க்கு ஒரு வராகன் என்ற மாற்று விகிதத்தில் ஒரு ரூபாய்க்கு 960 காசு, ஓர் அணாவுக்கு 60 காசு, அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கான 'பை' நாணயத்துக்கு 5 காசு. சென்னை மாகாணத்தில் 1818இல் ரூபாய்க் கணக்கு வந்த பிறகும் பழைய ஆவணங்களைப் படிப்பவருக்கு இந்த விகிதங்கள் தேவைப்படுகின்றன. இதில் வழக்கமாக நேரும் பிழை ஒன்று உண்டு. பழைய கணக்கேட்டில் வராகன், பணம், காசு என்று மூன்று பத்தியில் 12, 30, 40 என்று எழுதியிருப்பதைத் தசம எண் போல எண்ணி 12.30 வராகன் என்று கொண்டுவிடுகிறார்கள். முப்பது பணம் என்பது 42இல் 30, அதாவது வராகனில் ஏழில் ஐந்து பங்கு. நாற்பது காசு என்பது அரைப் பணம். தொகை 12.30 வராகன் அல்ல, ஏறத்தாழ 12.73.

காசு என்ற சொல் ஆங்கில உருவில் பொறிக்கப்பட்ட நாணயங்கள் 1803இலும் 1808இலும் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரின் சோஹோ ஆலையில் நீராவி எந்திரத்தில் அடிக்கப்பட்டன. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்தில் மதிப்பு. கீழே ரோமன் எண்ணோடு 20 கேஷ், 10 கேஷ் என்று ஆங்கிலம். அந்தப் பாரசீக வரியைப் படித்தால் 'பீஸ்த் காஸ் சஹார் ஃபுலூஸ் அஸ்த்' என்று வரும்: இருபது காஸ் நான்கு ஃபுலூஸ் (செம்பு நாணயம்) ஆகும். இருபது காசு நாணயம் ஏறத்தாழ 9 கிராம் செம்பு. ஒரே காசின் மேல் தமிழ்ச் சொல் ஆங்கில உடையில் ஒன்று, பாரசீக உடையில் ஒன்று. தமிழ் எழுத்துதான் அந்த நாணயத்தில் இல்லை.

இந்த நாணயங்களை மரப்பீப்பாய்களில் அடைத்துக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கம்பெனிக் கப்பல், 1809 ஜனவரியில் கென்ட் கரைக்கு அப்பால் உள்ள குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் அதிலிருந்து நாணயங்களைப் பெருமளவில் மீட்டார்கள். அதனால்தான் இருநூறு ஆண்டுப் பழமை இருந்தும் 1808ஆம் ஆண்டின் 10, 20 காசு நாணயங்கள் இன்று சந்தையில் எளிதாகக் கிடைக்கின்றன. வாங்குகிறவர் மேற்பரப்பைப் பார்க்க வேண்டும். உப்புநீர் அரித்த நாணயத்தில் முகம் சொரசொரப்பாக, எழுத்தின் ஓரம் மழுங்கி, நிறம் மங்கிய இளஞ்சிவப்பாக இருக்கும். கைமாறிக் கைமாறித் தேய்ந்ததில் மேடான பகுதிகள் மட்டும் வழவழப்பாகும், பள்ளங்களில் கருமை தங்கும். முன்னது கப்பலில் கிடந்தது. பின்னது உண்மையில் சென்னைச் சந்தையில் அரிசியும் புளியும் வாங்கியது. எனக்குக் கேட்டால் அதற்குத்தான் மதிப்பு அதிகம்.

திருவிதாங்கூரில் காசுக் கணக்கு இன்னும் நீண்ட காலம் நின்றது. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். அந்த ரூபாய்க்கு 448 காசு. இந்தியாவோடு இணையும்வரை அங்கே ஒரு கேஷ் என்று ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் பொறித்த குட்டிச் செம்பு நாணயம் வழங்கியது. நாஞ்சில் நாட்டுப் பழைய ஓலைகளிலும் பத்திரங்களிலும் சக்கரமும் காசும் வருவது இதனால்தான்.

இன்று கேஷ் என்றால் எது கேஷ்?

இத்தனைக்கும் பிறகு தமிழர் கேஷியரைக் காசாளர் என்றும், செக்கைக் காசோலை என்றும் மொழிபெயர்த்தோம். வேர் தெரிந்து செய்தோமா, ஒலி ஒத்துப்போனதால் செய்தோமா என்று பார்க்கத் தேவையில்லை. சொற்கள் நன்றாக அமைந்துவிட்டன. ஆனால் கணக்கியலில் கேஷுக்கு நேரான சொல் காசு அல்ல, ரொக்கம். காசு பொதுவாகப் பணம், இலங்கைத் தமிழில் அன்றாடமே அதுதான். ரொக்கம் என்றால் கடன் அல்லாதது, கையில் இருப்பது. 'கையிலே காசு, வாயிலே தோசை' என்ற வழக்கில் வரும் காசுக்கு மட்டும் ரொக்கம் என்று முழுப் பொருளும் உண்டு.

ஆங்கிலத்தில் கேஷ் எண்ணப்படாத சொல். இரண்டு கேஷ், பத்து கேஷ் என்று பன்மை சொல்ல முடியாது; நாணயப் பெயரான மற்ற கேஷை மட்டும் அப்படி எண்ணலாம். இரண்டும் வேறு சொற்கள் என்பதற்கு இலக்கணம் தரும் அடையாளம் இது. மணி என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் கேஷுக்கும் உள்ள இடைவெளியும் பெரியது. நிலம், பங்கு, வர வேண்டிய பாக்கி எல்லாம் சேர்த்து ஒருவரிடம் மணி நிறைய இருக்கலாம். வெள்ளிக்கிழமை கூலி கொடுக்கக் கேஷ் இல்லாமல் போகலாம். லாபம் காட்டும் கம்பெனிகள் கதவடைப்பது பெரும்பாலும் இந்த இடைவெளியில் விழுந்துதான்.

பெட்டி என்ற பழைய பொருள் கணக்கேட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது. கேஷ் புக்கில் ரொக்க இருப்பு ஒருநாளும் மைனஸில் போகக் கூடாது. வங்கிப் பத்தி போகலாம், அது மிகைப்பற்று. ஆனால் பெட்டியில் இல்லாத பணத்தைப் பெட்டியிலிருந்து எடுக்க முடியாது. கணினிக் கணக்கில் ரொக்கம் மைனஸ் காட்டினால் காரணம் அநேகமாக மூன்றில் ஒன்று: வங்கியிலிருந்து எடுத்ததைப் பதியவில்லை, செலவின் தேதி வரவின் தேதிக்கு முன்னால் விழுந்திருக்கிறது, அல்லது ஏதோ வரவு கணக்குக்கு வராமலே இருக்கிறது. மூன்றாவதைத்தான் தணிக்கையாளர் முதலில் சந்தேகிப்பார்.

அலுவலகங்களில் 'பெட்டி கேஷ்' என்று நம் காதில் விழுகிறதே, அதில் வருவது தமிழ்ப் பெட்டி அல்ல. சின்ன என்று பொருள்படும் பிரெஞ்சு வழிச் சொல். அலுவலகச் சில்லறைச் செலவுக்கு ரூ. 5,000 ஒதுக்கினால், வாரக் கடைசியில் ரூ. 3,740க்கு வவுச்சரும் ரூ. 1,260 ரொக்கமும் இருக்க வேண்டும். மேலிடம் திரும்பத் தருவது ரூ. 3,740 மட்டும், மறுபடி ஐயாயிரம் ஆகும். எந்த நாள் திறந்து பார்த்தாலும் வவுச்சரும் ரொக்கமும் கூட்டி ஐயாயிரம் வர வேண்டும். செலவானதைத் தராமல் ஏதோ ஒரு முழுத் தொகையைத் தரும் அலுவலகங்களில்தான் கூட்டுத்தொகை வழுக்கத் தொடங்கும்.

எது கேஷ் என்பது துறைக்குத் துறை மாறும். கம்பெனிகளின் நிதிநிலை அறிக்கையில் கையில் உள்ள நோட்டும், கேட்டவுடன் கிடைக்கும் வங்கி இருப்பும் கேஷ். அதற்குச் சமமானவை என்று குறுகிய கால முதலீடுகளையும் சேர்ப்பார்கள். பொதுவாக, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முதிர்பவை. வாங்கிய நாளிலிருந்து என்பதைக் கவனிக்க வேண்டும். ஓராண்டு வைப்புத்தொகை முதிர இன்னும் இரண்டே மாதம் இருக்கிறது என்று அதை இந்தத் தலைப்பில் நுழைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. வருமான வரிச் சட்டமோ நேர் எதிர்த் திசையில் நிற்கிறது. ஒருவரிடமிருந்து ஒரே நாளில், அல்லது ஒரே பரிவர்த்தனைக்கோ ஒரே நிகழ்வுக்கோ, ரூ. 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்ற விதி 2017 ஏப்ரல் 1 முதல் உள்ளது. மீறினால் வாங்கிய தொகை முழுவதும் வாங்கியவருக்கே அபராதமாகலாம். அந்த விதி ரொக்கம் என்று மட்டும் பார்ப்பதில்லை. கணக்கில் மட்டும் வரவு வைக்கும்படி கோடிட்ட காசோலை, வரைவோலை, மின்னணுப் பரிமாற்றம் என்ற வழிகளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒதுக்குகிறது. கோடிடாத காசோலை வாங்கிவிட்டுச் செக்தானே என்று இருப்பவர் மாட்டிக்கொள்வது அங்கே.

பெயரில் கேஷ் இருந்தும் கேஷ் அல்லாதவையும் உண்டு. கேஷ் கிரெடிட் என்பது கடன். எடின்பரோவில் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து 1728இல் வில்லியம் ஹாக் என்ற வணிகருக்கு, கணக்கில் இருப்பதற்கு மேல் 1,000 பவுன் வரை எடுத்துக்கொள்ள அனுமதி தந்ததில் தொடங்கிய ஏற்பாடு இது. இந்திய வங்கிகள் சரக்கின் மேல் தரும் சிசி இதன் வழித்தோன்றல். வரம்பு ரூ. 15 லட்சம் என்று அனுமதிக் கடிதத்தில் இருந்தாலும் அவ்வளவும் எடுக்க முடியாது. கிடங்கில் ரூ. 20 லட்சம் சரக்கு இருக்கிறது, அதில் ரூ. 6 லட்சத்துக்கு இன்னும் சப்ளையருக்குப் பணம் தரவில்லை என்றால், நம் பணம் போட்ட சரக்கு ரூ. 14 லட்சம். வங்கி கடன் தராமல் நம் பங்காக விட்டுவைக்கும் 25 சதவீத மார்ஜினைக் கழித்தால் ரூ. 10.5 லட்சம். சரக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த மாதம் எடுக்க முடிவது அவ்வளவுதான். மாதாந்தரச் சரக்கு அறிக்கையைத் தாமதமாகக் கொடுத்துவிட்டுச் செக் திரும்பி வந்தது ஏன் என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

மருத்துவக் காப்பீட்டின் கேஷ்லெஸ் இன்னொன்று. காசே தேவையில்லை என்று பொருளல்ல; காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனைக்கு நேராகப் பணம் கட்டும் என்றே பொருள். அறை வாடகை வரம்பு நாளுக்கு ரூ. 5,000 உள்ள பாலிசியில் ரூ. 8,000 அறையை எடுத்தால், வாடகையில் மூவாயிரம் மட்டும் கையை விட்டுப் போகும் என்று நினைப்பார்கள். பல பாலிசிகளில் மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கு போன்ற தொடர்புள்ள செலவுகளும் எட்டில் ஐந்து பங்காகவே ஏற்கப்படும். கேஷ்பேக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் அது தேதி போட்ட தள்ளுபடிப் புள்ளி.

கடைசியாக ஒரு மூன்றாவது ஆள். ஆங்கிலத்தில் கேஷியர் என்பது வினைச்சொல்லாகவும் வரும். ராணுவ அதிகாரி ஒருவர் கேஷியர் செய்யப்பட்டார் என்று படித்தால், அவரைக் கல்லாவில் உட்கார வைத்தார்கள் என்று கொள்ளக் கூடாது. அது பெட்டியும் அல்ல, காசும் அல்ல. தள்ளுபடி செய், ரத்து செய் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் டச்சுப் படை முகாம் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அவமானப்படுத்திப் பதவி நீக்கினார்கள் என்று எழுத வேண்டும்.